பியானோ டீச்சருக்கு என்ன பரிசு கொடுக்கலாம்? கொடுப்பதை அவர்கள் நிஜமாகவே பெரிதாக நினைக்கிறார்களா?

கேள்வி இதுதான்: "என் மகள் சில வருடங்களாகப் பியானோ கற்கிறாள். டீச்சர் மிகப் பொறுமையாகச் சொல்லித்தருகிறார். வருடக் கடைசியில் அவருக்கு ஏதாவது கொடுக்க ஆசை. பியானோ படம் போட்ட கப்பைத் தவிர எனக்கு எதுவும் தோன்றவில்லை. கொஞ்சம் விலை கூடியதாகக் கொடுத்தால் நல்லதா? பிள்ளைகள் கொடுக்கும் சின்னச் சின்னப் பொருள்களை டீச்சர்கள் உண்மையில் மதிக்கிறார்களா, அல்லது மரியாதைக்காகச் சிரித்துவிட்டு ஓரமாக வைத்துவிடுகிறார்களா?"

பியானோ சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. அதனால் உங்கள் கடைசிக் கேள்விக்கே முதலில் வருகிறேன். மதிக்கிறோம், நிறையவே மதிக்கிறோம். ஆனால் பொருளின் விலைக்கும் அந்த மதிப்புக்கும் அநேகமாகச் சம்பந்தமே இருக்காது. ஏன் என்று புரிந்துவிட்டால் என்ன கொடுப்பது என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

பியானோ வகுப்பு பெரும்பாலும் ஒருவருக்கு ஒருவர் நடப்பது. வாரத்தில் அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரம். கால் பெடலை எட்டாத வயதில் வந்து உட்காரும் பிள்ளை, என்னைவிட உயரமாக வளர்ந்த பிறகும் அதே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும். அத்தனை வருடமும் நாங்கள் சொல்வது ஒரு சில வார்த்தைகள்தான்: மெதுவாக வாசி, எண்ணிக்கொண்டே வாசி, மணிக்கட்டை இறுக்காதே, இங்கே நாலாவது விரல். சொல்லிவிட்டு அனுப்புகிறோம். மீதி ஆறு நாளும் பிள்ளை வீட்டில் தனியாக வாசிக்கிறது, அல்லது வாசிக்காமல் இருக்கிறது. சொன்னதில் எது காதில் விழுந்தது, எது மனசுக்குள் போனது என்று எங்களுக்கு நேரடியாகத் தெரிய வழியில்லை. வகுப்பு டீச்சருக்காவது பரீட்சைத் தாள் இருக்கிறது. எங்களுக்கு அடுத்த வாரம் கேட்கப்போகும் எட்டு பார் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) இசைதான் சாட்சி, அதுவும் பதற்றத்தில் தடுமாறி வருவது. அதனால் "நீங்கள் சொன்ன இந்த ஒரு விஷயம் எனக்குள் போய்விட்டது" என்று காட்டுகிற எந்தப் பொருளும் எங்களுக்குப் பெரிய பொருள்தான்.

பியானோவின் வரலாற்றிலேயே மிக நல்ல உதாரணம் போலந்து இசையமைப்பாளர் ஷோபானுடையது. அவருக்கு முதலில் பியானோ சொல்லிக்கொடுத்தவர் வோய்ச்செக் ஷிவ்னி. பொஹீமியாவில் பிறந்து வார்சாவில் குடியேறியவர், அடிப்படையில் வயலின்காரர். ஷோபானின் திறமைக்கு அவருடைய வாசிப்பு ஈடு கொடுக்கவில்லை என்றுதான் சரித்திரம் எழுதியவர்கள் பலரும் சொல்கிறார்கள். ஆனால் பாக், மொட்ஸார்ட் என்ற இசையமைப்பாளர்களை அந்தப் பையனுக்குப் பிடிக்கவைத்தவர் அவர்தான். 1821 ஏப்ரலில் ஷிவ்னியின் பெயர் நாளுக்கு (அவர் பெயர் கொண்ட புனிதரின் திருநாள்), 11 வயது ஷோபான் ஏ பிளாட் மேஜர் என்ற சுருதியில் ஒரு பொலோனேஸ் (போலந்து நடன இசை) எழுதி அவருக்குச் சமர்ப்பணம் செய்து கொடுத்தார். ஷோபானின் கைப்பட எழுதிய இசைத்தாள்களில் இன்று மிஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது அதுதான். பொலோனேஸ் மகா படைப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த டீச்சரின் இடத்தில் இருந்து பாருங்கள். அறுபதைத் தாண்டிய மனிதர். இந்தப் பையனுக்கு இனித் தன்னால் சொல்லித்தர அதிகம் இல்லை என்பது அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட நேரத்தில், தன் பாடங்களிலிருந்து விளைந்த ஒன்று, தன் பெயர் போட்டு, கைக்கு வருகிறது.

பியானோ கலைஞரும் இசையமைப்பாளருமான லிஸ்ட்டின் கதை இதற்கு நேர்மாறாக மிகத் தாமதமாக நடந்தது. வியன்னாவில் சிறுவன் லிஸ்ட்டுக்கு கார்ல் செர்னி பாடம் சொன்னது 1820களின் தொடக்கத்தில். அதற்கு அவர் கட்டணம் வாங்கவில்லை. பையன் அதற்குள்ளேயே ஊர் பார்த்து வியக்கும்படி வாசித்துக்கொண்டிருந்தவன். செர்னி அவனை நிறுத்தி, தாளம் சீராக வரவேண்டும், விரல் ஒழுங்காக வரவேண்டும் என்று அடிப்படையிலிருந்து திருத்தினார். அந்த வயதில் அது எந்தப் பிள்ளைக்கும் எரிச்சலூட்டும் வேலை. 1852இல் லிஸ்ட் தன்னுடைய மிகக் கடினமான பன்னிரண்டு எட்யூட்களின் (நுட்பத்தைப் பழக்கும் பயிற்சி இசை) இறுதி வடிவத்தை வெளியிட்டபோது அவற்றை செர்னிக்கே சமர்ப்பித்தார். செர்னிக்கு அப்போது 61 வயது. இடையில் கிட்டத்தட்ட முப்பது வருடம். விரல் பயிற்சி மட்டுமே தெரிந்த வறட்டு ஆசாமி என்று செர்னியைக் கேலி செய்பவர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்கு நான் இந்த எட்யூட்களின் முதல் பக்கத்தைத்தான் காட்டுவேன்.

பேதோவன் வேறு ரகம். மூத்த இசையமைப்பாளர் ஹைடனிடம் படித்தபோது அவருக்கு அந்தப் பாடங்களில் திருப்தியே இல்லை. ஆனாலும் 1796இல் வெளியான ஓபஸ் 2இன் (அவருடைய இரண்டாம் எண் வெளியீடு) மூன்று பியானோ சொனாட்டாக்களை ஹைடனுக்குத்தான் சமர்ப்பித்தார். பின்னாளில் அவரே ஆசிரியரானபோது, அவருடைய மாணவர், ஆஸ்திரிய இளவரசர் ஆர்ச்டியூக் ருடோல்ஃப் ஒரு வேலை செய்தார். பேதோவன் ஒரு சின்ன மெட்டைக் கொடுத்து இதை வைத்து வேரியேஷன் (அதே மெட்டை விதவிதமாக மாற்றி) எழுதுங்கள் என்றார். ருடோல்ஃப் நாற்பது வேரியேஷன்கள் எழுதி 1819இல் அச்சிட்டு ஆசிரியருக்கே சமர்ப்பணம் செய்துவிட்டார். அரச குடும்பத்தவர், தங்கமாகவே கொடுத்திருக்க முடியும், பேதோவனுக்கு ஆண்டுதோறும் பணமும் தந்துகொண்டுதான் இருந்தார். இருந்தாலும் அவர் வீட்டுப்பாடத்தையே பரிசாக்கியதுதான் எனக்குப் பிடித்தது. கேட்டது ஒன்று, வந்தது நாற்பது!

இதையெல்லாம் சொல்வது உங்கள் மகள் பொலோனேஸ் எழுத வேண்டும் என்பதற்காக அல்ல. ஆனால் எட்டு பார் எழுதலாம். வலது கையின் ஐந்து விரலும் 'சி'யிலிருந்து 'ஜி' வரை அடுத்தடுத்த ஐந்து வெள்ளைக் கீகளில் வைத்தபடியே ஒரு மெட்டு, இடது கைக்கு ஒரு பாருக்கு ஒரு சுரம், கடைசியில் 'சி'யில் வந்து முடிந்தால் போதும். தலைப்பு அவளே வைக்கட்டும். பென்சிலால் எழுதட்டும். சுரக்குறிகளின் தண்டுகள் தலைகீழாக இருக்கும், பாருக்குள் எண்ணிக்கை உதைக்கும். திருத்தாதீர்கள். திருத்துவது என் வேலை, இந்த ஒரு தடவை மட்டும் நானும் அதைச் செய்ய மாட்டேன்.

எழுதப் பிடிக்காத பிள்ளை என்றால் வாசித்துக் கொடுக்கலாம். டீச்சருக்குத் தெரியாமல் ஒரு சின்ன பீஸைக் கற்றுக்கொண்டு கடைசி வகுப்பில் வாசிப்பது நான் அறிந்தவரை எல்லா டீச்சரையும் கவிழ்த்துவிடும். இதில் ஒரே ஒரு யோசனை: இப்போது வாசிக்கும் அளவைவிட இரண்டு படி எளிதானதாகத் தேர்ந்தெடுங்கள். கஷ்டமானதை எடுத்தால் நடுவில் நின்றுபோய், பரிசு கொடுக்க வந்த பிள்ளை அழுதுகொண்டு போகும். எளிய பீஸில்தான் நாங்கள் சொல்லிக்கொடுத்தது கேட்கும். இசைச் சொற்றொடர் முடிகிற இடத்தில் கை மூச்சு விடுவதுபோல் எழுவதையும், பெடலை யாரும் சொல்லாமலே மாற்றுவதையும் கேட்கும்போது வரும் சந்தோஷத்தை நான் வேறு எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன். வருடத் தொடக்கத்தில் பதிவு செய்த வாசிப்பு ஏதாவது உங்கள் போனில் இருந்தால் அதையும், அதே பீஸின் இன்றைய வாசிப்பையும் சேர்த்து அனுப்புங்கள். வாராவாரம் பார்ப்பதால் வளர்ச்சி எங்கள் கண்ணில் படுவதில்லை.

அடுத்தது கடிதம். எல்லா டீச்சரும் சேர்த்துவைக்கும் பொருள் இது ஒன்றுதான் என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் பிள்ளை எழுத வேண்டும், நீங்கள் அல்ல. "எங்கள் மகளுக்கு இசையின் கதவைத் திறந்துவைத்த ஆசிரியைக்கு" என்று பெற்றோர் எழுதுவது அழகாகத்தான் இருக்கும், வாசித்து மகிழ்ந்து மூடிவைப்போம். "மிஸ், இடது கையை மட்டும் தனியா வாசிக்கச் சொன்னீங்க. எனக்குப் பிடிக்கவே இல்ல. ஆனா அப்புறம் வந்துடுச்சு" என்று கோணல் எழுத்தில் வந்தால் அதை எடுத்து மேஜையில் வைத்துக்கொள்வோம். உங்கள் மகளிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: மிஸ் சொன்னதில் உனக்கு எது ஞாபகம் இருக்கிறது? வருகிற பதிலை அப்படியே எழுதச் சொல்லுங்கள். எழுத்துப் பிழையோடு.

கடையில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், வகுப்பில் தீர்ந்துபோகும் பொருள்களை நினைத்துப் பாருங்கள். 2பி பென்சில்கள், மென்மையான அழிப்பான். ஃபிங்கரிங் (எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்ற எண்) எழுதி எழுதி அழிப்பதிலேயே எங்கள் வாழ்நாள் போகிறது. கடினமான பென்சில் தாளில் தடம் பதித்துவிடும், அழித்தாலும் போகாது. கோடு போட்ட இசைத்தாள் நோட்டு, புத்தகம் மூடிக்கொள்ளாமல் பிடிக்கும் கிளிப், கண் கூசாத சின்ன ஸ்டாண்ட் விளக்கு எல்லாம் நல்லவை. இசைப் புத்தகம் வாங்குவதாக இருந்தால் கேட்டுவிட்டு வாங்குங்கள். பாக் எழுதிய இன்வென்ஷன்கள் என்ற சின்ன பீஸ்களின் புத்தகம் இல்லாத பியானோ டீச்சர் வீடு கிடையாது, ஒன்றுக்கு மூன்றாகவும் இருக்கும். பல குடும்பங்கள் சேர்ந்து கொடுப்பதென்றால் ஒரு தடவை ட்யூனிங் செய்யும் செலவை ஏற்றுக்கொள்ளலாம். ஆளை நீங்களே அனுப்பிவிடாதீர்கள், ஒவ்வொரு டீச்சருக்கும் நம்பிக்கையான ட்யூனர் ஒருவர் இருப்பார், அந்த உறவு குடும்ப டாக்டர் உறவு மாதிரி.

பியானோவின் மேல் வைக்கிற மாதிரியான எதையும் கொடுக்காதீர்கள். பூச்சாடி வேண்டவே வேண்டாம். பியானோவுக்குள்ளே இருப்பது மரமும் ஃபெல்ட்டும், இரும்புச் சட்டத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட எஃகுத் தந்திகளும். கொஞ்சம் தண்ணீர் சிந்தினாலே மரம் ஊதி கீகள் ஒட்டிக்கொள்ளும், தந்தி துருப்பிடிக்கும். காற்றின் ஈரப்பதமே நாற்பதிலிருந்து ஐம்பது சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று நாங்கள் பாடாய்ப் படுகிறோம். மெழுகுவர்த்தியும் அப்படித்தான். பீங்கான் பொம்மை, போட்டோ ஃபிரேம் ஆபத்தில்லை என்று தோன்றும். ஆனால் ஏதாவது ஒரு குறிப்பிட்ட சுரத்தை அடித்தால் மட்டும் அது அதிர்ந்து ஙொய் என்று இரையும். பியானோவுக்குள்தான் கோளாறு என்று மூடியைத் திறந்து தேடி, கடைசியில் பார்த்தால் மேலே சிரித்துக்கொண்டு நிற்கும் பொம்மை.

கப் விஷயத்துக்கு வருகிறேன். கொடுங்கள், தப்பில்லை. பியானோ கீ போட்ட கப், பை, கழுத்துத் துணி எல்லாம் எல்லா டீச்சரிடமும் இருக்கும். அவற்றில் பாதிப் படங்கள் தப்பு என்பதுதான் வேடிக்கை. நிஜப் பியானோவில் 88 கீ. 52 வெள்ளை, 36 கறுப்பு. கறுப்புக் கீகள் இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று கூட்டம் கூட்டமாக வரும். வரைந்தவர் அதைக் கவனிக்காமல் சீப்பின் பல்போல் ஒரே இடைவெளியில் போட்டுவிடுவார். ட்ரெபிள் கிளெஃப் (இசைக்கோட்டின் தொடக்கத்தில் போடும் சுருள் குறி) கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி நிற்பதும் உண்டு. ஒரு சின்னப் பெண் எனக்கு அப்படி ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "மிஸ், இதுல எஃப் எங்க இருக்குன்னே கண்டுபிடிக்க முடியல, ரெண்டு கறுப்பு மூணு கறுப்பு இல்லவே இல்ல. அம்மா கவனிக்கல" என்று ரகசியமாகச் சொன்னாள். கறுப்புக் கூட்டங்களை வைத்துச் சுரம் கண்டுபிடிப்பது முதல் மாதப் பாடம். அவள் அம்மா வாங்கியது பை, அவள் கொடுத்தது வேறு. பை இன்னும் என்னிடம் இருக்கிறது. புதிதாக வரும் பிள்ளைகளிடம் அதைக் காட்டி, இதில் என்ன தப்பு என்று கேட்பேன். நல்ல பாடப் பொருளாகிவிட்டது.

விலை கூடிய பரிசைப் பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். மறுத்தால் உங்கள் மனம் நோகும், வாங்கினால் எங்கள் வாய் கட்டுப்படும். பயிற்சி போதவில்லை, இந்தத் தடவை கிரேடு பரீட்சைக்கு (படிப்படியான இசைத் தேர்வு) அனுப்ப வேண்டாம் என்று உங்களிடம் சொல்ல வேண்டிய நாள் வரும். அந்த நாளில் உங்கள் பரிசு அறையில் எங்கள் கண் முன்னால் இருக்கக்கூடாது. பிள்ளைகளுக்குள் பேச்சும் வரும்: அவள் அதைக் கொடுத்தாளாம், நாம் இதைத்தான் கொடுத்தோமா என்று. டீச்சர் ஒரு பள்ளியிலோ இசை நிறுவனத்திலோ வேலை செய்தால் பரிசு வாங்குவதற்கு அங்கே விதி இருக்கலாம், அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பரீட்சைக்கு முந்தைய வாரங்களில் எதையுமே கொடுக்காமல் இருப்பது நல்லது, நோக்கம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும்.

பணமே செலவாகாத சில விஷயங்களையும் நாங்கள் பரிசாகத்தான் எடுத்துக்கொள்கிறோம். பெற்றோருக்கு இவை தெரிவதில்லை. நகம் வெட்டிய விரல்கள். வர முடியாத நாளை முன்கூட்டியே சொல்வது. "இந்த வாரம் நான் வாசிக்கவே இல்லை மிஸ்" என்று உட்காரும்போதே சொல்லிவிடும் நேர்மை. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு நாலு பார் போதும் என்றாலும், சொல்லிவிட்டால் அந்த அரை மணியைச் சேர்ந்து பயிற்சி செய்யச் செலவிடலாம். எங்கேயோ கேட்ட ஒரு பாட்டைக் காதாலேயே தேடிப் பிடித்து, இது சரியா என்று வந்து வாசித்துக் காட்டுவது. தன் தம்பிக்கு நடு 'சி' எங்கே என்று காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பையனை நான் காத்திருப்பு அறையில் பார்த்தேன். நான் சொல்லும் வார்த்தைகளையே, என் தொனியிலேயே சொல்லிக்கொண்டிருந்தான். "மெதுவா, அவசரம் யாருக்கு?" சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது.

இன்னொன்று, கொஞ்சம் கனமானது. பிள்ளைகள் ஒருநாள் நிறுத்திவிடுவார்கள். படிப்பு, விளையாட்டு, ஆர்வம் குறைவது, ஏதோ ஒன்று. அதில் வருத்தம் உண்டே தவிரக் குறை இல்லை. ஆனால் பெரும்பாலும் அது பெற்றோரிடமிருந்து வரும் இரண்டு வரிச் செய்தியாக முடிந்துவிடுகிறது: அடுத்த மாதத்திலிருந்து வரமாட்டாள், நன்றி. வருடக்கணக்காக வாராவாரம் பார்த்த பிள்ளையை அதற்குப் பிறகு பார்ப்பதே இல்லை. உங்கள் மகளுக்கும் அப்படி ஒரு நாள் வந்தால், கடைசியாக ஒரு வகுப்புக்கு அழைத்து வாருங்கள். அன்றைக்குப் புதிதாக எதுவும் சொல்லித்தர மாட்டோம். அவளுக்குப் பிடித்த பழைய பீஸ்களை எல்லாம் வரிசையாக வாசிப்பாள், ஒன்றிரண்டை நான்கு கையாகச் சேர்ந்து வாசிப்போம். எந்தக் கடையிலும் விற்காத பரிசு அது, நான் அதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன்.

டீச்சர்களும் கொடுப்பதுண்டு, அதையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. பாக் 1720இல், ஒன்பது வயது மகன் வில்ஹெல்ம் ஃபிரீடெமானுக்காகக் கைப்பட ஒரு கீபோர்டு நோட்டுத் தொடங்கினார். கிளெஃப் எது, அலங்காரச் சுரங்களை எப்படி வாசிப்பது என்பதிலிருந்து அதில் எழுதியிருக்கிறார். இன்று இன்வென்ஷன்களாக நாம் வாசிப்பவை முதலில் எழுதப்பட்டது அந்த நோட்டில்தான். இசையமைப்பாளர் ஷூமான் 1848இல் மூத்த மகள் மாரியின் ஏழாவது பிறந்தநாளுக்கு எழுதிக் கொடுத்த சில சின்ன பீஸ்களே வளர்ந்து, நாற்பத்து மூன்று பீஸ் கொண்ட 'இளையோருக்கான ஆல்பம்' ஆனது. ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினஃப் சிறுவயதில் நிக்கொலாய் ஸ்வெரெவ் என்ற கண்டிப்பான ஆசிரியரின் வீட்டிலேயே தங்கிப் படித்தவர். 1889இல் இருவருக்கும் மனஸ்தாபம், பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. 1892இல் ராக்மனினஃப் மாஸ்கோ கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் பெரிய தங்கப் பதக்கத்தோடு தேறியபோது, ஸ்வெரெவ் தன் தங்கக் கடிகாரத்தைக் கழற்றி அவருக்குக் கொடுத்துச் சமாதானமானார். அடுத்த வருடமே ஸ்வெரெவ் காலமாகிவிட்டார். எங்களில் பெரும்பாலோரிடம் தங்கக் கடிகாரம் கிடையாது, ஆனால் நாங்கள் படித்த காலத்து இசைப் புத்தகம், எங்கள் டீச்சரின் பென்சில் குறிப்புகளோடு, ஒன்றாவது இருக்கும். அதை ஒரு மாணவரிடம் கொடுக்கும் நாள் வரும் என்று வைத்திருப்போம்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். பரிசை வகுப்பின் ஆரம்பத்தில் கொடுக்காமல் முடிவில் கொடுக்கச் சொல்லுங்கள். முதலிலேயே கொடுத்தால் பிரித்துப் பார்ப்பதிலேயே பத்து நிமிடம் போய்விடும், பிள்ளைக்கும் அதன் பிறகு ஸ்கேல் (சுர வரிசை) பயிற்சியில் மனம் நிற்காது. கடிதமாக இருந்தால் இன்னும் நல்லது: கொடுத்துவிட்டு ஓடிவிடட்டும். முன்னால் நின்றுகொண்டிருந்தால் எங்களால் நிதானமாக வாசிக்க முடியாது, அடுத்த பிள்ளை வேறு வாசலில் காத்திருக்கும்.